ஒரு பெட்டி, ஒரு நாள்: அமெரிக்கச் சரக்குப் பெட்டி மாதிரிகளும் அவற்றின் எழுத்துகளும்

ரயில் மாதிரிக் கலையில் எஞ்சினுக்குக் கிடைத்த கவனம் சரக்குப் பெட்டிக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. நீராவி எஞ்சினின் ஒவ்வொரு குழாயையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுச் செய்தவர்களே, அதன் பின்னால் கோக்கும் பெட்டிகளைக் கடையில் கிடைத்த ஒரு பொது வடிவத்தில் வாங்கி, பிடித்த நிறத்தைப் பூசி, பிடித்த ரயில்வேயின் பெயரை எழுதி ஓடவிட்டார்கள். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ரயில்வே நிறுவனங்களுக்கும் தனியாருக்குமாக ஏறத்தாழ 20 லட்சம் சரக்குப் பெட்டிகள் இருந்தன என்பதையும், பாதையோரம் நின்றவர் கண்ணில் எஞ்சின் சில நொடிகளும் பெட்டிகள் பல நிமிடங்களும் பட்டன என்பதையும் எண்ணினால், அந்தப் புறக்கணிப்பு விந்தையானதே. கடந்த சில பத்தாண்டுகளில் நிலை மாறியது. ரிச்சர்ட் ஹென்ட்ரிக்சன், அந்தோனி தாம்ப்சன் போன்றோர் தொழிற்சாலைப் படங்களையும் ரயில்வே ஆவணங்களையும் தோண்டியெடுத்து எழுதத் தொடங்கினர், ஜான் எச். வைட் 1993இல் வெளியிட்ட பெருநூல் மரப்பெட்டிக் காலத்தின் வரலாற்றைத் தொகுத்துத் தந்தது. பொழுதுபோக்காக இருந்த ஒரு துறை தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு கிளையாகவே வளர்ந்தது. இந்த வளர்ச்சியில் தெளிவாகிவந்த உண்மை ஒன்று உண்டு: மாதிரியின் துல்லியம் பற்றிய விசாரணை வடிவத்தில் தொடங்கினாலும் தேதியில்தான் போய் நிற்கிறது. ஒரு பெட்டி எப்படி இருந்தது என்று கேட்பதில் பயனில்லை. எந்த நாளில் எப்படி இருந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

இதற்குக் காரணம் அந்நாட்டு ரயில்வே அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் பாதையில் தடையின்றி ஓடும் ‘பரிமாற்ற’ முறை அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு ஏற்றிய பெட்டி டெக்சஸ் வரை இறக்கி ஏற்றாமல் போகும். வழியில் பழுதானால் எந்த ரயில்வேயும் அதைச் சரிசெய்து உரிமையாளருக்குக் கணக்கு அனுப்பும். முன்பின் அறியாத ஊழியர் ஒருவர் முன்பின் பார்க்காத பெட்டியைக் கையாள வேண்டுமென்றால், அவருக்கு வேண்டிய செய்தியெல்லாம் பெட்டியின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். 1867இல் தோன்றிய மாஸ்டர் கார் பில்டர்ஸ் சங்கமும், பிற்காலத்தில் 1934இல் உருவான அமெரிக்க ரயில்வேக்களின் சங்கமும் இதற்கான விதிகளை வகுத்து அவ்வப்போது திருத்தின. விதி மாறிய ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான பெட்டிகளின் தோற்றம் சிறிது மாறியது. மாதிரி செய்பவருக்கு அந்தத் திருத்தங்களின் வரிசை ஒரு நாட்காட்டி.

முதலில் உடலமைப்பு. மூடிய சரக்குப் பெட்டியை அமெரிக்கர் பாக்ஸ்கார் என்பர். நான்கு சுவரும் கூரையும் இருபுறமும் நகரும் கதவும் கொண்ட, பார்வைக்கு மிக எளிய பொருள். இந்த எளிமைதான் ஏமாற்றுவது. 1917 இறுதியிலிருந்து 1920 தொடக்கம் வரை, முதல் உலகப்போரை ஒட்டி, அரசே ரயில்வேக்களைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தியபோது, சில தரப்படுத்திய வடிவங்களில் சுமார் ஒரு லட்சம் பெட்டிகளுக்கு ஆணை பிறப்பித்துப் பல நிறுவனங்களுக்கும் பகிர்ந்தளித்தது. ஒரே அச்சில் வார்த்தாற்போலப் பிறந்த அப்பெட்டிகள் அப்படியே வாழவில்லை. 1930களிலும் 1940களிலும் ஒரு ரயில்வே மரப்பலகைகளைக் கழற்றிவிட்டு எஃகுத் தகடு பொருத்தியது. இன்னொன்று கூரையை உயர்த்தியது. வேறொன்று தொட்டுக்கூடப் பார்க்காமல் தேயும்வரை ஓட்டியது. எனவே போர்க்காலத் தரப்பெட்டி என்று மட்டும் சொல்லி ஒரு மாதிரியைச் செய்துவிட முடியாது. உரிமையாளரும் ஆண்டும் தெரிந்தால்தான் சுவர் மரமா எஃகா என்பதே முடிவாகும்.

பென்சில்வேனியா ரயில்வேயின் எக்ஸ்29 வகை இதற்கு இன்னும் நல்ல சான்று. 1924 தொடங்கி ஏறத்தாழ 30 ஆயிரம் எண்ணிக்கையில் கட்டப்பட்ட இந்த எஃகுப் பெட்டியின் உட்புற உயரம் 8 அடி 7 அங்குலம். 1937இன் சங்கத் தரம் 10 அடி. ஒரு சரக்கு ரயிலின் கூரைக்கோடு நேராக இல்லாமல் ஏறி இறங்கித் தெரிந்ததற்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம். எல்லாப் பெட்டியும் ஒரே உயரத்தில் ஓடும் மாதிரி ரயிலில் எங்கோ பிழை இருக்கிறது என்பதைத் துறையறியாதவர் கண்கூட உணரும். எக்ஸ்29இலேயே முந்தைய தொகுதிகளின் முனைச்சுவர் தட்டையான தகட்டால் ஆனது; பிந்தையவற்றில் கிடைமட்டமாகப் புடைத்த மடிப்புகள் கொண்ட ‘டிரெட்நாட்’ வகைச் சுவர் வந்தது. 1947இல் புல்மன்-ஸ்டாண்டர்ட் நிறுவனம் பிஎஸ்-1 என்ற பெயரில் ஒரே அடிப்படை வடிவத்தை எல்லா ரயில்வேக்களுக்கும் விற்கத் தொடங்கி, 1963 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் கட்டியது. அங்கேயும் கதவின் அகலம், கதவு செய்த நிறுவனம், கைப்பிரேக் சக்கரம், கூரை நடைபலகை ஆகியவற்றை வாங்குபவரே தேர்ந்தெடுத்தார். ஏணியில் ஏழு படியா எட்டுப் படியா என்று வாதிடுபவர்களை ‘ரிவெட் எண்ணுகிறவர்கள்’ என்று சக ஆர்வலர்களே கேலி செய்வதுண்டு. ஆனால் ரிவெட் வரிசைதான் சில சமயம் ஒரு தொகுதியை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் ஒரே அடையாளம் என்பதைக் கேலி செய்பவர்களும் மறுப்பதில்லை.

பெட்டிக்கு அடியில் இருப்பவை காலத்தை இன்னும் கறாராகச் சொல்லும். சக்கரங்களைத் தாங்கும் போகி, பழைய பெட்டிகளில், இரும்புப் பட்டைகளை வில்போல் வளைத்து போல்ட்டுகளால் பிணைத்துச் செய்யப்பட்டது; போல்ட் தளர்ந்தால் சக்கரம் தடம்புரளும் என்பதால் இவ்வகை 1940 வாக்கில் பரிமாற்றத்துக்குத் தடைசெய்யப்பட்டு, வார்ப்பெஃகுப் போகியே எங்கும் நிலைத்தது. காற்றுப் பிரேக்கிலும் அவ்வாறே. 1933 முதல் புதிய பெட்டிகளில் வந்த ஏபி வகைப் பிரேக்கில் உருளை, காற்றுத்தொட்டி, வால்வு மூன்றும் தனித்தனியாகத் தொங்கும். அதற்கு முந்தைய கே வகையில் அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே உருண்டைபோல் இருக்கும். பலமுறை தள்ளிப்போடப்பட்ட கெடுவுக்குப் பின் 1953இல் கே வகை பரிமாற்றத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆகவே 1956இன் காட்சியாகக் காட்டப்படும் பாதையில் கே பிரேக்கோடு நிற்கும் அயல் நிறுவனப் பெட்டி, எவ்வளவு அழகாகச் செய்யப்பட்டிருந்தாலும், அங்கே நிற்க உரிமையற்றது. சொந்தப் பாதையை விட்டு வெளியேறாத பணிமனைப் பெட்டிகளில் மட்டும் பழையவை தொடர்ந்தன என்ற விதிவிலக்கைச் சிலர் தங்களுக்குப் பிடித்த பழம்பெட்டியைக் காப்பாற்றப் பயன்படுத்திக்கொள்வது மன்னிக்கத்தக்க தந்திரம்.

இனி எழுத்துகள். துறையின் உள்ளத்தைத் தொடுவது இப்பகுதியே. மிகுதியான பிழைகள் நிகழ்வதும் இங்கேதான். பக்கச்சுவரின் இடப்பகுதியில் மேலே உரிமையாளரைக் குறிக்கும் சுருக்கெழுத்து இருக்கும். அது எக்ஸ் என்ற எழுத்தில் முடிந்தால், யூடிஎல்எக்ஸ், ஜிஏடிஎக்ஸ் போல, அந்தப் பெட்டி ரயில்வேக்குச் சொந்தமானதன்று, தனியார் நிறுவனத்துடையது என்று பொருள். அதன் கீழே பெட்டி எண். அதற்கும் கீழே மூன்று வரிகளில் எண்கள் அடுக்கப்பட்டிருக்கும்: பெயரளவுக் கொள்திறன், சுமை வரம்பு, வெற்று எடை, மூன்றும் பவுண்டில். மாதிரியைப் பார்ப்பவர் பெரும்பாலும் கடந்துபோகும் இந்த மூன்று வரிகளுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அச்சின் முனைகள் சுழலும் இடத்தின் அளவைப் பொறுத்து, தண்டவாளத்தின் மேல் பெட்டியும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை நிற்கலாம் என்று விதி வரையறுத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 40 டன் வகைக்கு அது 1,36,000 பவுண்டு. 50 டன் வகைக்கு 1,69,000. 70 டன் வகைக்கு 2,10,000. இங்கே டன் என்பது 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன். அந்த மொத்தத்திலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதே சுமை வரம்பு. 50 டன் பெட்டியொன்று வெறுமையாக 45,200 பவுண்டு இருந்தால் அதன் சுமை வரம்பு 1,23,800 என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் 1,69,000 வர வேண்டும். கட்டமைப்பு வலுவின்மை காரணமாக வரம்பைக் குறைத்திருந்தால் அந்த வரியின் முன்னே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். நட்சத்திரமும் இல்லை, கூட்டலும் சரியில்லை என்றால், அந்த மாதிரியின் எழுத்துத் தாளைத் தயாரித்தவர் வெவ்வேறு பெட்டிகளின் படங்களிலிருந்து எண்களைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார் என்று கூசாமல் முடிவு செய்யலாம்.

வெற்று எடைக்குப் பக்கத்தில் நிற்பது தேதி. ஏற்றிய பெட்டியின் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துத்தான் சரக்குக் கட்டணம் கணக்கிடப்பட்டது. உள்பலகை உலர்ந்தாலும் மாற்றப்பட்டாலும் சக்கரம் தேய்ந்தாலும் அந்த எடை மாறும். ஆகவே சில ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியை மீண்டும் எடைபோட்டு, எடைபோட்ட நிலையத்தின் குறியீட்டையும் மாதத்தையும் ஆண்டையும் எழுத வேண்டும் என்பது விதி. தொழிற்சாலையிலிருந்து வந்த புதுப்பெட்டியில் நிலையக் குறியீட்டின் இடத்தில் புதிது என்ற சொல் இருக்கும். மறுஎடை நடந்த விதத்தைக் கண்முன் கொண்டுவந்தால் மாதிரியில் செய்ய வேண்டியது தானே விளங்கும். நிலக்கரிப் புகை படிந்து கறுத்த சுவரில், பழைய எண்கள் இருந்த சிறு பகுதியை மட்டும் ஊழியர் புதுச் சாயத்தால் மூடுவார். அது காய்ந்ததும் தகட்டில் வெட்டிய ஸ்டென்சிலை வைத்து வெள்ளைச் சாயத்தில் புதிய எண்களை அடிப்பார். விளைவாக, அழுக்கேறிய பெரிய சுவரில் பளிச்சென்ற ஒரு செவ்வகத் திட்டும், அதற்குள் மற்ற எழுத்துகளைவிட வெண்மையான இரண்டு மூன்று எண்களும் நிற்கும். 1950இல் ஓடுவதாகச் செய்த மாதிரியில், 1937இல் கட்டிய பெட்டி இன்னும் அந்த ஆண்டின் புதுப்பெட்டிக் குறியோடு நிற்பது, பிறந்த நாளிலிருந்து ஒருமுறைகூட எடைபோடப்படாத பெட்டியைக் காட்டுவதாகும். கடையில் வாங்கும் மாதிரிகளில் மிகப் பரவலான பிழை இதுவே. கட்டிய நாள் எழுத்தைத் தொழிற்சாலைப் படத்திலிருந்து எடுப்பது எளிது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்த படம் அரிது.

இவை தவிர, அச்சுப்பெட்டியில் எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவை மாற்றிய நாள், பிரேக்கைத் துப்புரவு செய்த நாள் ஆகியனவும் மிகச் சிறிய எழுத்தில் உரிய இடங்களில் இடம்பெற்றன. பஞ்சு வறண்டால் அச்சு சூடேறித் தீப்பிடிக்கும். ஆகவே இந்தத் தேதிகள் வெறும் அலுவலகச் சடங்கல்ல. அவற்றின் மேலும் கீழும் யார்டு எழுத்தர்கள் சுண்ணாம்புக் கட்டியால் கிறுக்கிய தடக்குறிப்புகளும் கோடுகளும் கலந்து கிடந்தன. பிற்காலத்தில் சேர்ந்தவை இன்னும் திட்டவட்டமானவை: 1967 முதல் சுமார் பத்தாண்டுகள் ஒட்டப்பட்ட வண்ணப்பட்டை அடையாளச் சீட்டு, 1978இல் ஒரு குறிப்பிட்ட வகைச் சக்கரத்தைப் பற்றிய அச்சத்தால் பெட்டிகளில் பூசப்பட்ட கறுப்புச் சதுரத்துக்குள்ளான மஞ்சள் வட்டம். மஞ்சள் வட்டம் உள்ள பெட்டியை 1975இல் வைப்பவருக்குச் சாக்குப்போக்கு எதுவும் இல்லை.

பெரிய எழுத்துகளும் இலச்சினைகளும் சிறியவற்றைப் போல நுணுக்கம் கேட்பவையல்ல. ஆயினும் அங்கே வேறொரு சிக்கல், கவர்ச்சி. சாண்டா ஃபே ரயில்வே 1940களில் தன் பெட்டிகளின் ஒரு பக்கத்தில் பாதை வரைபடத்தையும் மறுபக்கத்தில் பயணிகள் வண்டிகளின் பெயர் கொண்ட விளம்பர வாசகத்தையும் எழுதியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வரைபடம் கைவிடப்பட்டாலும், ஏற்கெனவே எழுதியது மங்கும்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதாவது ஒரு பாணி தொடங்கிய ஆண்டு கறாரான எல்லை, முடிந்த ஆண்டு தளர்ந்த எல்லை. இதற்கு நேர்மாறானது குளிர்பெட்டிகளின் கதை. பனிக்கட்டி நிரப்பி இறைச்சியும் வெண்ணெயும் ஏற்றிய தனியார் பெட்டிகளின் சுவர்கள் 1920களில் விளம்பரப் பலகைகளாகவே மாறியிருந்தன. ஒரு நிறுவனத்தின் விளம்பரம் தாங்கிய பெட்டியில் அதன் போட்டியாளரின் சரக்கை ஏற்ற முடியாது. வாடகைச் சலுகை என்ற போர்வையில் சரக்கு அனுப்புவோருக்குக் கையூட்டு போகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மாநிலங்களிடை வணிக ஆணையம் 1934இல் இதற்கெதிராகத் தீர்ப்பளித்து, 1937 தொடக்கத்திலிருந்து அத்தகைய பெட்டிகள் பரிமாற்றத்திலிருந்து மறைந்தன. எனினும் பொம்மைக் கடைகளும் மாதிரி நிறுவனங்களும் இந்த வண்ணப் பெட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக விற்றதால், டீசல் எஞ்சின் இழுக்கும் ரயிலில் பன்றி இறைச்சி விளம்பரம் செல்வது இன்றும் கண்காட்சிகளில் காணும் காட்சி. உண்மையில் 1940களின் பாதையில் கண்ணைப் பறித்த நிறம், யூனியன் பசிஃபிக்கும் சதர்ன் பசிஃபிக்கும் 1906இல் கூட்டாகத் தொடங்கிய பசிஃபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸின் ஆரஞ்சு. அதுவும் 1929க்கு முன் மஞ்சள்தான்.

நிறத்தைப் பற்றிய விவாதம் ஓய்வதேயில்லை. மிகுதியான பெட்டிகள் இரும்பு ஆக்சைடு கலந்த செம்பழுப்பு நிறத்தன. ஆயினும் ஒவ்வொரு ரயில்வேயும் தனக்கெனக் கலவை வைத்திருந்தது, ஒவ்வொரு கலவையும் வெயிலில் தன் போக்கில் வெளுத்தது. சான்றாகக் கிடைப்பவை பெரும்பாலும் கறுப்புவெள்ளைப் படங்கள். பழைய ஆர்த்தோகுரோமட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது; அதில் செம்பழுப்புச் சுவர் கறுப்பாகவே விழும், நீலம் வெளிறும். வண்ண ஃபிலிமிலும் கோடாகுரோம் நிறத்தைக் காத்தது, வேறு சில காலப்போக்கில் செந்நிறம் பாய்ந்து பொய்சொல்லத் தொடங்கின. இந்த நிலையில், ஜாக் டெலானோ 1942, 1943 ஆண்டுகளில் அமெரிக்க அரசுக்காகச் சிகாகோவின் ரயில் யார்டுகளை உயரத்திலிருந்து எடுத்த கோடாகுரோம் படங்கள், இப்போது அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் இருப்பவை, இத்துறையினருக்குப் புதையல். நூற்றுக்கணக்கான கூரைகள் ஒரே சட்டகத்தில் கிடக்கும் அப்படங்கள்தான், எந்த இரண்டு செம்பழுப்பும் ஒன்றல்ல என்பதையும், துத்தநாகம் பூசிய கூரைகளில் சாயம் உரிந்து சாம்பல் திட்டுகள் தோன்றுவதையும் ஐயமறக் காட்டின. சரியான சாயக் குப்பி எது என்று ஒருவரோடொருவர் மல்லுக்கட்டுவதைவிட, ஐந்தாறு சற்றே வேறுபட்ட பழுப்புகளைக் கலந்து வைத்துக்கொள்வதே மெய்ம்மைக்கு நெருக்கமானது.

இத்தனையையும் கைப்பிடிக்குள் அடக்குவது எப்படி என்பது அடுத்த கேள்வி. மிகப் பரவலான எச்ஓ அளவில் மாதிரி மெய்ப்பொருளின் 87இல் ஒரு பங்கு. ஓர் அங்குலம் 0.29 மில்லிமீட்டராகச் சுருங்கும். 7 அங்குலப் பெட்டி எண் 2 மில்லிமீட்டர்; 3 அங்குல எடை எழுத்து 0.9 மில்லிமீட்டருக்கும் குறைவு. துப்புரவு தேதியின் ஓர் அங்குல எழுத்து உருப்பெருக்கி இல்லாமல் தூசிபோலத் தெரியும். நீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் டெக்கால் படலம், தேய்த்து ஒட்டும் உலர் எழுத்து, தொழிற்சாலையில் மென்மையான ரப்பர்த் திண்டால் பதிக்கும் அச்சு ஆகிய மூன்றுமே இந்த அளவில் தெளிவு தருபவை. வெள்ளை எழுத்தை வீட்டில் அச்சிட வல்ல ஆல்ப்ஸ் அச்சுப்பொறிகள் உற்பத்தி நின்ற பின்னும் சிறு தயாரிப்பாளர்களால் போற்றிக் காக்கப்பட்டதற்குக் காரணம், சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது என்பதே. எழுத்தின் வடிவம் இன்னொரு பொறி. ரயில்வேக்களின் எழுத்துகள் அச்சகத்திலிருந்து வந்தவையல்ல. வரைவாளர்கள் கோலும் வட்டமானியும் கொண்டு பெட்டிகளுக்கென வரைந்தவை. கணினியில் கிடைக்கும் ஒத்த எழுத்துருவை வைத்து அச்சிட்டால் தொலைவிலிருந்து சரியாகத் தோன்றும். 6இன் கழுத்தும் 2இன் அடியும் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டென்சில் தகட்டில் வட்டத்தின் நடுப்பகுதி விழுந்துவிடாமல் தாங்கும் பாலங்கள் எழுத்தில் இடைவெளிகளாகப் பதியும். சில பணிமனைகள் அவற்றைத் தூரிகையால் நிரப்பின, சில அப்படியே விட்டன. படம் பார்த்தால்தான் தெரியும்.

அளவின் எல்லை உடலமைப்பிலும் குறுக்கிடுகிறது. ஐந்தெட்டில் ஓரங்குலத் தடிமனுள்ள கைப்பிடிக் கம்பி எச்ஓவில் 0.18 மில்லிமீட்டர், அதை வெண்கலக் கம்பியில் செய்யலாம், ஆனால் தொட்டால் வளையும். மெய்யான சக்கரத்தின் அகலம் 1.7 மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டிய இடத்தில், மாதிரிச் சக்கரங்கள் நெடுங்காலம் 2.8 மில்லிமீட்டராக இருந்தன; நுட்பம் விரும்புவோர் இன்று பயன்படுத்துவதும் 2.2தான். தண்டவாளத்தில் தடம்புரளாமல் ஓட வேண்டும் என்ற தேவை துல்லியத்துக்கு வைத்த எல்லை அது. ஓரங்குல எழுத்தின் ஆண்டைப் பற்றி வாதிடும் ஒருவர் கால்பங்குக்கு மேல் தடித்த சக்கரத்தைப் பேசாமல் ஏற்றுக்கொள்வது முரண்போலத் தோன்றலாம். ஆனால் ஆண்டைத் தவறாக எழுதுவது அறியாமை, சக்கரத்தைத் தடிக்க விடுவது உடன்பாடு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று.

தனிப்பெட்டி சரியாக அமைந்த பின்னும் தொகுப்பு தவறாகலாம். எந்த ரயிலில் எந்த நிறுவனத்தின் பெட்டிகள் எந்த விகிதத்தில் இருந்தன என்பதற்கு அடிப்படைச் சான்று, ரயில்வே உபகரணப் பதிவேடு என்னும் காலமுறை வெளியீடு. ஒவ்வொரு நிறுவனத்தின் பெட்டி எண் தொடர்களையும் அவற்றின் உள்ளளவுகளையும் எண்ணிக்கையையும் அது பட்டியலிட்டது. 1943, 1953 பதிப்புகளின் மறுஅச்சுகள் இன்று மாதிரி செய்வோரின் மேசையில் அகராதிபோல் கிடக்கின்றன. எங்கும் சுற்றிய சாதாரணப் பாக்ஸ்கார்கள் தேசிய எண்ணிக்கையின் விகிதத்திலேயே எந்தப் பாதையிலும் தென்பட்டிருக்கும் என்பது ஒரு சாராரின் கருத்து. அண்டை ரயில்வேக்களின் பெட்டிகளே மிகுந்திருக்கும் என்பது மற்றொரு சாராரின் கருத்து. நடத்துநர்கள் வைத்திருந்த ரயில் பதிவுப் புத்தகங்களில் எஞ்சியவை பாக்ஸ்கார்களைப் பொறுத்தவரை முதற்கருத்துக்கே பெரிதும் சாய்கின்றன. நிலக்கரி ஹாப்பர்களுக்கு அது பொருந்தாது. அவை சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தன. எப்படியாயினும், கலிஃபோர்னியப் பாதையிலும் கணிசமான பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் பெட்டிகள் இருந்தாக வேண்டும். சலிப்பூட்டும் பழுப்புப் பெட்டி பத்து வாங்காமல் அபூர்வமான பச்சைப் பெட்டி ஒன்றை வாங்கும் ஆசைதான் இங்கே எதிரி.

எல்லாச் சான்றையும் திரட்டிய பிறகும் ஒரு பெட்டியின் பாதி இருளிலேயே நிற்கிறது. புகைப்படக்காரர் ஒரு பக்கத்தைத்தான் எடுத்தார். மறுபக்கத்தில் சுண்ணாம்புக் கிறுக்கல் என்ன, சாயத்திட்டு எங்கே என்பது தெரிய வழியில்லை. மறுஎடைத் தேதி இருபக்கமும் ஒன்றே என்பதால் அதை நம்பி எழுதலாம். மற்றவற்றுக்கு அதே தொடரில் அடுத்த எண் கொண்ட பெட்டியின் படம் அகப்பட்டால் அதன் பக்கத்தைக் கடன் வாங்குவது வழக்கம். அதுவும் அகப்படாத பெட்டியை, தெரிந்த பக்கம் பார்ப்பவரை நோக்கும்படி பாதையில் நிறுத்திவைக்கிறார்கள்.